உச்சிகாலத்துக்கு முன்பே அடிக்கிற நகரா

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு ஒரு கதை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். திருமலை நாயக்கருக்குத் தீராத வயிற்றுவலி. இங்கே வந்து கும்பிட்ட பிறகு தீர்ந்தது. அன்றிலிருந்து இந்தக் கோயிலில் உச்சிகாலப் பூஜை முடிந்த சேதி கிடைத்தால்தான் மதுரை அரண்மனையில் மன்னருக்கு இலை போடுவார்கள். சேதி போவதற்காக வழிநெடுக நகரா மண்டபங்கள். இங்கே பூஜை முடிந்ததும் முதல் மண்டபத்தில் முரசு. அது காதில் விழுந்ததும் அடுத்த மண்டபத்தில். இப்படியே 70 கிலோமீட்டருக்கு மேல் ஒலி தாவித் தாவிப் போய் மன்னரைச் சாப்பிடச் சொல்லும்.

இந்தக் கதையில் எனக்கு மன்னர்மேல் அக்கறை இல்லை. நடுவழியில் ஏதோ ஒரு மண்டபத்தில் வேகாத வெயிலில் உட்கார்ந்திருந்த அந்த நகராக்காரன்மேல்தான் அக்கறை. அவனுக்கு இருந்தது ஒரே வேலை. முந்தைய மண்டபத்துச் சத்தம் கேட்டால் அடிக்க வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். "ஐயோ பாவம், ராஜாவுக்குப் பசிக்குமே" என்று அவன் ஒரு நாழிகை முன்னதாகவே அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ராஜா சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பார். ஏப்பம் விட்டிருப்பார். "கெட்டிக்காரன், நேரத்தோடு அடிக்கிறான்" என்று பொன்முடிப்புகூடக் கொடுத்திருப்பார். பூஜைதான் நடந்திருக்காது.

வேதாகமத்தில் தீர்க்கதரிசிக்குக் கொடுத்திருப்பதும் இதே நகராக்காரன் உத்தியோகம்தான். கேட்டதைச் சொல்ல வேண்டும். கேட்டது முழுவதையும் சொல்ல வேண்டும். ஒன்றும் கேட்கவில்லையா, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இதில் தவறினால் மெமோ கொடுத்து விளக்கம் கேட்கிற வழக்கமெல்லாம் இல்லை. கடவுள் சொல்லாததைக் கடவுள் சொன்னதாகச் சொன்னவனுக்கு உபாகமம் 18ஆம் அதிகாரம் விதிக்கிற தண்டனை மரணம். கூடவே மக்களுக்கு ஒரு சோதனையும் சொல்லித் தருகிறது: அவன் சொன்னது நடக்கவில்லை என்றால் அது கடவுள் சொன்னதல்ல, அவனுக்குப் பயப்படாதே. அந்தச் சட்டம் இப்போது அமலில் இல்லை என்பது நம் ஊர்த் தீர்க்கதரிசிகள் செய்த புண்ணியம். இருந்திருந்தால் ஒவ்வொரு ஜனவரியிலும் பாதி யூடியூப் சேனல்களுக்கு இரங்கல் கூட்டம்தான் நடத்த வேண்டியிருக்கும்.

டிசம்பர் 31 இரவு ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஜெபக்கூட்டம் நடக்கிற ஒரு கல்யாண மண்டபத்துக்குள் எட்டிப் பாருங்கள். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முடித்துவிட்டு, தலைமுடியில் ஒட்டிய பஞ்சைக்கூட எடுக்க நேரமில்லாமல் வந்த பெண்கள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பிள்ளை தூங்கும். கீபோர்டுக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்து மெதுவாக இழைத்துக்கொண்டிருப்பார். மேடையில் கோட் போட்டவர் கண்ணை மூடிக் கையை நீட்டுவார். "இங்கே ஒரு சகோதரி இருக்கிறீர்கள். உங்கள் பெயர் 'ம' என்ற எழுத்தில் ஆரம்பிப்பதாக ஆண்டவர் காட்டுகிறார்." மல்லிகா, மகேஸ்வரி எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். மேரியும் மாரியம்மாளும் முத்துலட்சுமியும்கூட நிமிர்வார்கள், எழுத்து விஷயத்தில் அங்கே அவ்வளவு கறார் கிடையாது. "உங்கள் கழுத்திலோ, முதுகிலோ, முழங்காலிலோ ஒரு வலி..." எட்டு மணி நேரம் மெஷினுக்கு முன்னால் நிற்கிறவளிடம் இதைச் சொல்லப் பரலோகம் வரை போக வேண்டுமா? மில் கேட் வரை போனால் போதாதா?

பிறகு ஆண்டு அறிவிக்கப்படும். இந்த வருடம் உயர்வின் ஆண்டு. போன வருடம் இரட்டிப்பான நன்மையின் ஆண்டு. அதற்கு முந்தைய வருடம் திறந்த வாசலின் ஆண்டு. 2019 டிசம்பர் 31 இரவும் இப்படித்தான் மேடைக்கு மேடை ஒவ்வோர் ஆசீர்வாதம் அறிவிக்கப்பட்டது. எண்பத்து நான்கு நாள் கழித்து நாடு முழுக்கக் கொரோனாக் கதவடைப்பு. மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்தபோது பரலோகத்தோடு தினமும் பேசுகிறவர்களுக்கும் நமக்கும் அந்தச் சேதி ஒரே நேரத்தில்தான் தெரிந்தது. ஆனால் ஏப்ரலுக்குள் அவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். "இதை ஆண்டவர் எனக்கு முன்கூட்டியே வெளிப்படுத்தியிருந்தார்" என்ற வீடியோக்கள் வரத் தொடங்கின. நடந்து முடிந்ததை முன்னறிவிப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை.

எரேமியா தீர்க்கதரிசிக்கு இந்த வித்தை தெரியாது. எருசலேம் விழுந்த பிறகு மிச்சமிருந்த ஜனங்கள் அவரிடம் வந்து, "நாங்கள் எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும், கடவுளிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று கெஞ்சினார்கள். உயிர் பிழைப்பதா சாவதா என்ற அவசரம். அவருக்குப் பதில் எப்போது வந்தது தெரியுமா? பத்து நாள் கழித்து. அந்தப் பத்து நாளும் அவர் சொந்தச் சரக்கு எதையும் அவிழ்க்கவில்லை. இன்றைக்கு ஒரு ஜெப உதவி எண்ணுக்கு போன் போட்டுப் பாருங்கள். நீங்கள் பெயர் சொல்லி முடிப்பதற்குள் வாக்கு வந்துவிடும். கடவுளுக்கு யோசிக்க அவகாசம் தரக்கூடாது என்பதில் நம்மவர்கள் அவ்வளவு கண்டிப்பு.

எருசலேம் விழுவதற்கு முன்பு அதே எரேமியாவை ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் மடக்கியவர் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி. இரண்டே வருடத்தில் பாபிலோன் ராஜாவின் நுகம் முறியும், கொள்ளைபோன பாத்திரங்கள் எல்லாம் திரும்பி வரும் என்று அறிவித்தார். கூட்டத்துக்கு இனித்தது. எரேமியா கழுத்தில் அடையாளத்துக்காக மாட்டியிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினார். மேடை உத்தி அன்றைக்கே இருந்திருக்கிறது. எரேமியா என்ன செய்தார்? அப்படியே ஆகட்டும், ஆமென் என்றார். தனக்கும் அது நடந்தால் நல்லதுதான் என்றார். கையில் புதுச் சேதி இல்லாததால் பேசாமல் தன் வழியே நடந்து போனார். தீர்க்கதரிசி என்று பெயரெடுத்த ஒருவர், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, பதில் இல்லாமல் நடந்து போகிற அந்தக் காட்சியை நம் ஊர் மேடையில் கற்பனை செய்து பாருங்கள். மைக் செட்காரர்கூட விட மாட்டார். சேதி பிறகுதான் வந்தது: உடைந்தது மர நுகம், வரப்போவது இரும்பு நுகம். இரண்டு வருடக் கணக்கு சொன்ன அனனியா இரண்டு மாதத்தில் செத்துப்போனார்.

ஒற்றை அனனியாவைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆகாப் ராஜாவிடம் நானூறு பேர் இருந்தார்கள். ராமோத்துக்கு யுத்தத்துக்குப் போகலாமா என்று கேட்டதும் நானூறு பேரும் ஒரே குரலில், போங்கள், வெற்றி நமதே என்றார்கள். சிதேக்கியா என்பவர் இரும்பில் கொம்பே செய்துகொண்டு வந்து, இதனால் எதிரியை முட்டித் தள்ளுவீர்கள் என்றார். வேறு யாராவது பாக்கி உண்டா என்று கூட இருந்த யூதா ராஜா யோசபாத் கேட்கப்போய், ஆகாப் முகம் சுளித்துக்கொண்டே மிகாயா பெயரைச் சொன்னார். "ஒருத்தன் இருக்கிறான், எனக்கு நல்லதாக ஒன்றும் சொல்ல மாட்டான், அவனை எனக்குப் பிடிக்காது." மிகாயாவை அழைக்கப் போன சேவகன் வழியிலேயே காதைக் கடித்தான்: எல்லாரும் சாதகமாகச் சொல்லியிருக்கிறார்கள், நீங்களும் ஒத்துப் போய்விடுங்கள். எவ்வளவு அனுபவசாலி அந்தச் சேவகன்! இன்று இருந்திருந்தால் ஏதாவது ஊழியத்தில் மீடியா கோ-ஆர்டினேட்டர் ஆகியிருப்பான். மிகாயா ஒத்துப் போகவில்லை. கன்னத்தில் அறை வாங்கினார், சிறைக்குப் போனார். ஆகாப் வேஷம் மாற்றிக்கொண்டு யுத்தத்துக்குப் போயும், எவனோ குறி வைக்காமல் விட்ட அம்பு தேடி வந்து தைத்தது. நானூறு பேரில் ஒருவராவது காணிக்கையைத் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

நானூறு பேருக்கும் எப்படி ஒரே வாக்கு வந்தது? ஒருவரிடமிருந்து ஒருவர் வார்த்தையைத் திருடிக்கொள்கிறார்கள் என்று எரேமியா புத்தகம் 23ஆம் அதிகாரம் போட்டு உடைக்கிறது. அப்போது வாட்ஸ்அப் ஃபார்வர்ட் கிடையாது. பாவம், காதால் கேட்டுத் திருட வேண்டியிருந்தது. ஏசாயா இன்னும் கடுமை. குரைக்கத் தெரியாத ஊமை நாய்கள் என்று காவல்காரர்களைத் திட்டுகிறார். நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதற்குமேல் ஒரு வசவு இருக்க முடியாது.

இந்தத் தீர்க்கதரிசன மோகம் ஏதோ மேற்கே இருந்து இறக்குமதியான நோய் என்று நினைக்க வேண்டாம். நம் வட்டாரத்துக்கு இதில் சரித்திரமே உண்டு. வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை இருக்கிறதே, 1840இல் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் உருவாக்கிய ஊர் அது. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸிடம் படித்தவர், அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேய மிஷனரியோடு பழகியவர், எந்த மிஷனின் சம்பளத்தையும் நம்பாமல் ஊழியம் செய்தவர். 1860இல் அங்கே பெரிய எழுப்புதல். ஜனங்கள் மாரில் அடித்துக்கொண்டு தங்கள் பாவத்தைச் சொல்லி அழுதார்கள். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் நடந்ததாக அருளப்பன் தன் நாட்குறிப்பில் எழுதினார். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் ஊற்றாகச் சொல்லப்படுகிற அசுசா தெரு எழுப்புதல் அமெரிக்காவில் நடந்தது 1906இல். நம் கரிசல் ஓரத்தில் அதற்கு 46 ஆண்டு முன்பே. அந்த நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் 1939இல் புத்தகமாக்கினார். அங்கே நடந்ததெல்லாம் கடவுள் செயல்தானா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் இரண்டு விஷயம் கண்ணில் படுகிறது. முதலாவது, அழுதவர்கள் தங்கள் பாவத்துக்காக அழுதார்கள், பிளாட் கிரயமாக வேண்டும் என்று அழவில்லை. அடுத்தது, அருளப்பன் தேதி போட்டு எழுதினார். தேதி போட்டு எழுதுகிறவன் பிற்பாடு யாரும் சரிபார்க்கலாம் என்று ஒப்புக்கொள்கிறான்.

கொஞ்ச காலத்தில் எழுப்புதல் மலை தாண்டித் திருவிதாங்கூரிலும் பற்றியது. 1870களில் அங்கே அதன் முன்னணியில் நின்றவர் ஜஸ்டஸ் ஜோசப் என்ற பாதிரியார், பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். அந்தக் கூட்டத்தில் எழுந்த ஒரு தீர்க்கதரிசனம் நாளே குறித்துவிட்டது: கிறிஸ்து 1881இல் வருகிறார். வரவில்லை. வராததற்காகக் கடையைச் சாத்தினார்களா? அதே ஆண்டில் யுயோமயம் என்று புதிய சபையே தொடங்கினார்கள். தவறிய வாக்கு சபையைக் கலைக்காது, புதிதாக ஒன்றைப் பெற்றுப் போடும் என்று நமக்குக் காட்டிக் கொடுத்த முன்னோடிகள்.

அமெரிக்காவில் ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியாரும் கிறிஸ்துவின் வருகைக்கு 2011 மே 21 என்று நாள் குறித்தார். ஊர் ஊராக விளம்பரப் பலகை. மே 22 வழக்கம்போல் விடிந்தது. அக்டோபர் 21 என்று திருத்தினார். அதுவும் விடிந்தது. அடுத்த ஆண்டு, நாள் குறித்தது பாவம் என்று அவரே ஒப்புக்கொண்டார்; அந்தவரை மரியாதை. 2020 தேர்தலில் டிரம்ப்தான் ஜெயிப்பார் என்று கடவுள் சொன்னதாக அங்கே பல பேர் அறிவித்தார்கள். தோற்ற பிறகு ஜெரமையா ஜான்சன் என்பவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவருக்கு என்ன கிடைத்தது? அவரைப் பின்பற்றியவர்களிடமிருந்தே வசவும் கொலை மிரட்டலும். பொய் சொன்னபோது மாலை. தப்பு என்றதும் மிரட்டல். நானூறு பேரைச் சம்பளம் போட்டு வளர்த்தது ஆகாப் மட்டுமல்ல.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, அவர்கள் மதத்தில் இப்படி" என்று தொடையைத் தட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 2018 ஜனவரி 7 அன்று இதே ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேசினார். அதில் மேற்கோளாக வந்த ஒரு வரிக்குத் தமிழ்நாடே கொதித்தது. ஆண்டாள் மனம் புண்பட்டது என்று அறிவிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் புறப்பட்டார்கள். ஆண்டாளை இவர்களில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடத்தின் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். கல்லெறியவும் சோடா பாட்டில் வீசவும் எங்களுக்கும் தெரியும் என்றார். பிறகு வருத்தம் தெரிவித்தார். தன் காதலைத் தானே நூற்று எழுபத்து மூன்று பாசுரங்களில் பேசி முடித்தவளுக்குச் சோடா பாட்டிலோடு ஒரு செய்தித் தொடர்பாளர் எதற்கு? இதே ஸ்ரீவில்லிபுத்தூர் விஷ்ணுசித்தர் பாண்டியன் சபைக்குப் போன கதை நமக்குத் தெரியும். பரம்பொருள் எது என்று அவர் உள்ளதைச் சொன்னார். உயரத்தில் கட்டியிருந்த பொற்கிழி தானாகத் தாழ்ந்து வந்தது என்பார்கள். இப்போது வரிசை மாறிவிட்டது. கிழி முதலில் தாழ்கிறது. பரம்பொருள் எது என்பது அதற்கப்புறம் முடிவாகிறது.

சரி, இல்லாததைக் கூட்டிச் சொல்கிற குற்றத்தை மட்டும்தான் இதுவரை பேசினேன். எரேமியாவுக்கு வந்த கட்டளையில் இன்னொரு பாதி உண்டு: ஒரு வார்த்தையையும் குறைக்காதே. எனக்கு வயிறு எரிவது இங்கேதான்.

நம் விருதுநகர் மாவட்டத்தில் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். இடையிலும் பிறகும் சின்னச் சின்னதாக எத்தனையோ. ஒவ்வொரு வெடிக்கும் அதே காரணங்கள்: அளவுக்கு மேல் மருந்து, அறைக்கு மேல் ஆள், உரிமத்தை மீறிய குத்தகை. ஞாயிறு தவறாமல் வெளிப்பாடு பெறுகிற எந்தப் பெரிய மேடையிலாவது, "இந்த ஆலையில் ஆளை அடைத்து வைக்கிறாயே, உன்னிடம் கணக்குக் கேட்பேன்" என்று கர்த்தர் சொன்னதாக ஒரு வாக்கு கேட்டிருக்கிறீர்களா? மல்லிகாவின் முழங்கால் வலியைக் காட்டுகிற ஆண்டவர், அந்த வலிக்குக் காரணமான ஷிப்டையும் கூலியையும் மட்டும் ஏன் இவர்களுக்குக் காட்டுவதே இல்லை? வேதாகமத்து ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லையே. ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்கிறார்கள் என்று ஆமோஸ் வாயால் கொதித்தவர் அவர். கள்ளத் தராசைப் பற்றிப் பேசியவர். ஆமோஸ் ஆடு மேய்த்தவர், காட்டத்திப்பழம் பொறுக்கியவர். தீர்க்கதரிசி என்ற பட்டமே எனக்கு இல்லை என்றவர். பெத்தேல் ஆசாரியன் அமத்சியா அவரை விரட்டினான்: இது ராஜாவின் ஆலயம், யூதாவுக்கு ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள். ஆமோஸ் மசியவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். நம் மேடைகளுக்கு அமத்சியா தேவையே இல்லை. நிகழ்ச்சிக்கு ஜெனரேட்டர் யார் உபயம், பந்தல் யார் உபயம் என்று நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். அங்கே என்ன வாக்கு வராது என்பதை அதைப் படித்தே நாம் தீர்க்கதரிசனம் சொல்லிவிடலாம்.

வீடு நிறைய வெள்ளியும் பொன்னும் கொடுத்தாலும் கர்த்தர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை பேச முடியாது என்று மோவாப் ராஜா பாலாக்கிடம் சொன்னவன் பிலேயாம். அவனே கூலிக்கு ஆசைப்பட்டவன் என்றுதான் வேதம் பெயர் வைத்திருக்கிறது. அந்தக் கூலிக்காரன் தாண்டப் பயந்த கோட்டை இவர்கள் பங்காளர் திட்டத்தின் மாதச் சந்தாவுக்குத் தாண்டுகிறார்கள். பிலேயாமின் கழுதைகூடத் தான் பட்ட அடியைப் பற்றித்தான் பேசியது. பேசி முடித்ததும் கியூஆர் கோடு காட்டவில்லை.

கடவுள் யாரிடமும் பேச மாட்டார் என்று நான் வாதாட வரவில்லை. பேசுவார் என்று நம்புகிறவர்களுக்குத்தான் இது. உங்களிடம் யாராவது "கர்த்தர் சொல்லுகிறார்" என்று ஒரு வாக்கு சொன்னால், வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கம் அப்படியே எழுதிவையுங்கள். சொன்னவர் பெயர், தேதி, இடம் மூன்றையும் போடுங்கள். வருகிற டிசம்பர் 31 இரவு அந்தத் தாளோடு அதே மண்டபத்துக்குப் போங்கள். கூட்டம் முடிந்ததும் கோட்காரரிடம் தாளை நீட்டி, "ஐயா, இது என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். உன் விசுவாசம் குறைவு என்பார். உபாகமம் 18இல் சோதனை கேட்பவனுக்கா, சொல்பவனுக்கா என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.